காதர் பாய் போட்ட கீச்சு

லஸ் முனையில் டிராமிலிருந்து இறங்கினேன். நம்முடைய தபேலாக்காரர் எதிரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கீச்சு பாய் போயிட்டாருங்க" என்றார். கிளாரினெட் காதர் பாய்க்கு நாம் எல்லோருமாக வைத்த பெயர் அது. அந்தப் பெயரில் அவருடைய சாவைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. அவரோடு வாசித்த உங்களுக்குக் காரணத்தை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

மனிதர்களைக் கண்டால் நடுங்கும் பேயைப் பற்றிய அந்தச் சிரிப்புப் படம் உங்களுக்கு மறந்திருக்காது. "மனுசன் வரான், பயமாயிருக்கு" என்று பேய் பாடும் பாட்டுக்கு அடையாற்றில் ஒரு ஸ்டூடியோவில் வாசித்தோம். யுத்த காலம், பிலிமுக்குக் கட்டுப்பாடு. "ஒரே தடவைதான். தும்மினவன் வீட்டுக்குப் போகலாம்" என்று சங்கீத டைரக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அதுதான் முதல் படம். நானோ மயிலாப்பூர் சபாக்களில் வளர்ந்த பிடில்காரன். பாடிய அம்மாள் மேலே போய் ஒரு சங்கதி போட்டாள் பாருங்கள், என்னையும் அறியாமல் "பேஷ்!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

என் தலை ஆடுவதைப் பாய் முன்பே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. அதே நொடியில் கிளாரினெட்டைக் கீச்சென்று அலற வைத்தார். பூனையின் வாலை மிதித்தாற்போல் ஒரு சத்தம். என் பேஷ் அதற்குள் அமுங்கிப் போயிற்று. பாட்டு முடிந்ததும் டைரக்டர் தாம்தூம் என்று குதித்தார். பாய் எழுந்து, "வாய் காஞ்சிப் போச்சு நைனா, என் தப்புதான்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மாதம் பாயை யாரும் கூப்பிடவில்லை. கல்யாண பாண்டில் சேர்ந்தார். ஒரு சாயங்காலம் தி.நகரில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் சரிகை வைத்த சிவப்புக் கோட்டோடு வந்தவர், ஓரமாய் நின்ற என்னைக் கண்டதும் அதே கீச்சை எடுத்துவிட்டார். சாரட்டுக் குதிரை மிரண்டது. அப்புறம் ஓடி வந்து, "இன்னா ஐயரே, மூஞ்சி ஏன் இப்டிக் கீது?" என்றார்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் பாய்."

"சொல்லிட்டு? ரெண்டு பேருமா பாண்டு வாசிக்கிறதா? பிடிலை எங்க மாட்டிக்கினு நடப்பே?"

படம் வெளிவந்தது. பேய் எட்டிப் பார்க்கும் இடத்தில் அந்தக் கீச்சு வந்ததும் கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. கோபாலபுரத்துத் தெருக்களில் பிள்ளைகள் பாட்டை விட்டுவிட்டுக் கீச்சை மட்டும் கத்தினார்கள். டைரக்டரே பாயின் வீடு தேடிப் போய் அழைத்து வந்தார். ஆனால் அவ்வளவு சுத்தமாக வாசிக்கிறவரிடம் அதற்கப்புறம் எல்லோரும் கேட்டது அந்தக் கீச்சைத்தான். பாயும் சிரித்துக்கொண்டே போட்டார்.

நேற்று தேனாம்பேட்டைக்குத் துக்கம் கேட்கப் போனேன். அவர் மகள் ஜுபைதா சொன்னாள்: "அத்தா எவ்ளோ நல்லா வாசிப்பாரு மாமா! அன்னிக்கி மட்டும் ஏன் தப்பாப் பூட்ச்சின்னு அம்மா கேட்டுக்கினே இருப்பாங்க. வாய் காஞ்சிடுச்சின்னுதான் சொல்வாரு."

வீட்டில்கூடச் சொல்லவில்லை, மகாராஜன்! நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் பேஷ் என்றதும் சிரித்துவிட்டாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள்: "அம்மா! அத்தா தப்பா வாசிக்கலியாம்!"

பாய் கொடுத்த பிழைப்பு என்னிடம்தான் இருக்கிறது. அதைத் திருப்பித் தர வழியில்லை. அவர் கையில் பிசகில்லை என்பதை மட்டும் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.