தையல்காரர் தாடையில் இரண்டாவது குழாய்

பல் மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் அவளுக்கு ஆமையக்கா என்று பெயர். வேலையில்லாத வாய்கள் வைத்த பெயர், வேறென்ன. மற்றவர்கள் ஒரு தாடையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவளுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். கீழ்த்தாடை எலும்புக்குள் மெல்லிய குழாய் ஒன்று ஓடுகிறது. உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதற்குள்தான் போகிறது. அதன் வழியைக் கம்ப்யூட்டரே கோடு போட்டுக் காட்டிவிடும். ஆமையக்கா நம்பினால்தானே. கோட்டை அழித்துவிட்டு, படத்தை ரொட்டித் துண்டு போல வெட்டு வெட்டாகத் தள்ளி, ஒவ்வொன்றிலும் தன் கையால் புள்ளி வைப்பாள். பத்தொன்பது வருஷமாக இதே பிடிவாதம்.

அன்றைக்கு வந்தவர் ஒரு தையல்காரர். கடைவாயில் ஞானப்பல் படுத்துக்கொண்டு அவர் உயிரை வாங்கியது.

"ஏம்மா, ஆபரேஷன்ல உதடு மரத்துப்போனா திரும்பச் சரியாகுமா?" என்று கேட்டார்.

"சில பேருக்கு ஆகும். சில பேருக்கு ஆகாது. ஏங்க?"

"நாள் பூரா குண்டூசி உதட்டுலதாம்மா இருக்கும். மரத்துப்போனா எத்தனை இருக்குன்னே தெரியாது. முழுங்கித் தொலைச்சிடுவேன். கடையை மூடவேண்டியதுதான்."

அவள் அவர் தாடையைப் படமெடுத்துத் திரையில் போட்டாள்.

கம்ப்யூட்டர் போட்டது ஒரே கோடு, பல்லுக்கு வெகு கீழே. அதை அழித்துவிட்டு அவள் புள்ளி வைத்துக்கொண்டே போனாள். முப்பத்தெட்டாவது வெட்டில் கடுகளவு கறுப்புப் பொட்டு ஒன்று கூடுதலாக இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. குழாய் அங்கே இரண்டாகப் பிரிந்து, கிளை ஒன்று மேலேறிப் பல்லின் வேரை உரசிக்கொண்டு போனது.

அறுவை செய்யப்போகும் டாக்டர் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ஆள் அசைஞ்சிருப்பார். அதான் ரெண்டாத் தெரியுது. விடுங்க."

"அசைஞ்சிருந்தா பல்லோட விளிம்பும் ரெண்டாத் தெரியணுமே டாக்டர். பாருங்க, தெளிவா இருக்கு."

"இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல."

"பார்க்கறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் டாக்டர்."

அடேயப்பா, அவள் டாக்டரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நாற்காலியை விட்டு அசையவில்லை. கிளை போகும் வாக்கில் வெட்டைச் சாய்த்தாள். முழுக் கிளையும் திரையில் பளிச்சென்று வந்து நின்றது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பல்லை முழுசாகப் பிடுங்கும் யோசனையை அங்கேயே கைவிட்டார். மேல்பாகத்தை மட்டும் அறுத்தெடுத்து, வேரை அப்படியே விட்டுவிடுவதென்று முடிவானது.

ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்துத் தையல்காரர் குண்டூசி டப்பாவோடு வந்து நின்றார். பின்னாலேயே டாக்டரும் வந்தார். தையல்காரர் கண்ணை மூடி, கைக்கு வந்ததை அள்ளி உதட்டில் கவ்விக்கொண்டார்.

"ஏழு," என்றார் ஊசிகளுக்கு நடுவிலிருந்தே. "ஒண்ணுக்குக் கொண்டை இல்ல."

ஊசிகளை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் எண்ணினார். ஏழுதான். ஒன்று மொட்டை.

"சரியாத்தான் இருக்கு," என்றார் டாக்டர்.

ஆமையக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனாலும் ஊசிகளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். டாக்டர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.