எதிர் வீட்டு மின்விசிறி

நான் பொழுதுபோக்காக நடத்திவந்த அமெச்சூர் வானொலி நிலையத்தின் பதிவேட்டில் 1992 ஜூன் மாதக் குறிப்பு: ‘ஆன்டெனா ஏற்றும் முயற்சி. உதவி: மண்ணூர்பேட்டை நண்பர்.’ அதுவரை அலைவரிசையில் குரலாக மட்டுமே அறிந்திருந்தவர், அன்று அயனம்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. கேட், குழாய், காபி டம்ளர் என எதையும் முதலில் புறங்கையால் தொட்டுப் பார்த்துத்தான் பிடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

மொட்டை மாடியில் இருபதடி அலுமினியக் கம்பத்தை நிமிர்த்தினோம். கரண்ட் போயிருந்ததால் தெருவில் போகும் மின்கம்பிகளைப் பற்றிக் கவலைப்படவில்லை. திடீரென்று அடித்த காற்றில் கம்பம் அந்தப் பக்கமாகவே சாய்ந்தது.

“கைய உடு மாமே!” என்று கத்தினார் அவர்.

“கரண்டுதான் இல்லையே!”

“உன் ஊட்ல இல்ல. எதிர் ஊட்ல ஃபேன் சுத்திகினு கீது பாரு!”

பார்த்தேன். சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு வேறு கம்பி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பயத்தில் விரல்கள் பிரியவில்லை. அவர் என் முழங்கையில் ஓங்கி அடித்தார். பிடி விட்டது, கம்பம் மின்கம்பியின்மேல் போய் விழுந்தது. பொறி பறக்கவில்லை.

இருவரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். என்னையும் அவர் புறங்கையால்தான் அடித்திருந்தார்; கரண்ட் பாய்ந்தால் உள்ளங்கை இறுகிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை பிடித்துக்கொள்ளாது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கம்பம் விழுந்த கம்பி எங்கள் வீட்டுடையதா, எதிர் வீட்டுடையதா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.