செம்பருத்தி பேட்ஜ் விற்ற காலை

நான் ஐந்தாம் வகுப்பில் படித்த வருடம், சண்டையில் அடிபட்டுத் திரும்பிய ராணுவ வீரர்களுக்கு நிதி சேர்க்க எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கும் பேட்ஜ்கள் வந்தன. தாளில் அச்சடித்த செம்பருத்திப் பூ, பின்னால் ஓர் ஊசி. நான் சத்தமாகப் பேசுகிறவள் என்பதால் ஆசிரியர் ஒரு பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்குப் போகும் முன்பே, வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றேன். பனியில் கூடையோடு நின்றவர்கள் பேட்ஜைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தார்கள். பெயர்ப் பதிவு எழுதும் கிராணிதான் கேட்டார்.

“இந்தக் காசு யாருக்கும்மா போவுது?”

“சண்டையில அடிபட்டவங்களுக்கு சார்.”

“அப்படி யாரும் நம்ம தோட்டத்துல இல்லையே லா.”

தொழிற்சாலை ஆட்களோடு என் மாமா நின்றிருந்தார், அம்மாவின் தம்பி. ஒரு வருடத்துக்கு முன் பட்டாளத்திலிருந்து காலைத் தாங்கித் தாங்கி வந்தவர். லோரியிலிருந்து விழுந்துவிட்டதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். எல்லைக் காட்டில் கண்ணிவெடி வெடித்ததும், கூட நடந்த கூட்டாளி அங்கேயே இறந்ததும் அம்மா சொல்லி அழுதபோது எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே சொல்லக்கூடாது என்பதும் தெரியும்.

“இருக்காங்க சார். எங்க மாமா. கண்ணிவெடியில பாதி பாதம் போச்சி. லோரியில எல்லாம் விழல.”

பெரட்டே திரும்பிப் பார்த்தது. மாமா வரிசையை விட்டு என்னிடம் வந்தார். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“சட்டையில குத்து புள்ள. கோணாம குத்து,” என்றார்.

குத்தி முடித்ததும் அவர் பட்டாளத்துக்காரராகவே நிமிர்ந்து நின்றார். கிராணி தொப்பியைக் கழற்றிவிட்டு, “எனக்கும் ஒன்னு கொடும்மா,” என்றார். அதன் பிறகு பெட்டி காலியாக நேரமாகவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் செம்பருத்தியைக் கூடைக் கயிற்றில் குத்திக்கொண்டு மலையேறினார்கள்.

கிராணியிடம் சொல்லிவிட்டு மாமா என்னைப் பள்ளிவரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் என் தோளில் கை போட்டிருந்தார். கை கனத்தது. என்னை நினைத்துப் பெருமைப்படுகிறார் என்று நானும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். திரும்பி வந்த நாளிலிருந்து, கால் வலிக்கிறது என்று அவர் ஒருவர்மேல் சாய்ந்தது அதுவே முதல் தடவை என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.