பில்லில் வந்தது, அடுப்படிக்கு வரவில்லை

மலேசியாவில், மந்தின் ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்களை வெட்டிக் கோல்ஃப் திடலாக்கிய எஸ்டேட்டில் ஒரு கிளப் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு மட்டும். அதன் உணவகத்தில் பதினோரு வருடமாகப் பரிமாறுகிறேன்.

போன வருடம் புது சிஸ்டம் வந்தது. உறுப்பினர் அட்டையை ஒருமுறை தட்டினால் கோல்ஃப், நீச்சல் குளம், பார், சாப்பாடு எல்லாம் அவர் பெயரில் ஏறிவிடும். நாங்கள் டேப்லெட்டில் ஆர்டரை அழுத்தினால் அடுப்படி பிரிண்டரில் சீட்டு வரும். பரிமாறுபவர்கள் உள்ளே வரக்கூடாதென்று மானேஜர் அடுப்படிக் கதவில் தாள் ஒட்டினார்.

"இனிமே வாயால சொல்ற வேலை வேணாம். எல்லாம் சிஸ்டத்துலதான்."

பயிற்சியின்போது மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் ஆர்டர் ஒன்றுக்குக் கீழே, காரம் வேண்டாம் என்று குறிப்பு அடித்துப் பார்த்தேன். அடுப்படிச் சீட்டில் மீ கோரேங் மட்டும் வந்தது.

"சார், நோட் வரலையே."

"செட்டிங் லா. அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த வாரமே இன்னும் இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர் சிரித்தார். "அக்கா, நீங்க எப்ப கம்ப்யூட்டர் படிச்சீங்க?"

புதன்கிழமைகளில் நீந்திவிட்டுச் சாப்பிட வரும் உறுப்பினர் ஒருவர் உண்டு. போர்டிக்சனில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இறால் ஆகாது. அதனால் அவர் சாப்பிடும் நாசி கோரேங் என்ற வறுத்த சோற்றில் பிளாச்சான் சேரக்கூடாது. அது இறாலை இடித்துச் செய்வது. முன்பெல்லாம் நேராக உள்ளே போய், "டீச்சர் வந்துட்டாங்க அண்ணே" என்பேன். அவ்வளவு போதும், சமையல்காரருக்குப் புரிந்துவிடும்.

புது சிஸ்டம் வந்த பிறகு டீச்சர் வந்த முதல் புதன்கிழமை, குறிப்பை அடித்தேன். நம்பிக்கை இல்லாமல் அடுப்படிப் பக்கம் போனேன். மானேஜர் கதவருகில் நின்றார்.

"எங்க போறீங்க?"

"டீச்சருக்கு எறா..."

"டைப் பண்ணிட்டீங்களா? அப்ப போதும்."

திரும்பி வந்துவிட்டேன். அவர்மேல் எவ்வளவு கோபமோ, அவ்வளவு கோபம் அப்படித் திரும்பி வந்த என் கால்கள் மேலும் இருக்கிறது.

நாலைந்து வாய்தான் சாப்பிட்டிருப்பார். கழுத்தைச் சொறிந்தார். உதடு வீங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தார், குரல் வரவில்லை. காவலாளி தன் காரிலேயே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மானேஜர் என்னையும் சமையல்காரரையும் அறைக்குக் கூப்பிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தயாராக இருந்தது. உறுப்பினரின் உணவுக் கட்டுப்பாட்டைத் தெரிவிக்கத் தவறினேனாம்.

"சைன் பண்ணிருங்க அக்கா. பெரிசாக்க வேணாம்."

நான் பேனாவைத் தொடவில்லை. கவுண்டருக்குப் போய் முந்தைய நாள் பில்லை மறுபடி பிரிண்ட் எடுத்தேன். நாசி கோரேங்குக்குக் கீழே, பிளாச்சான் வேண்டாம், அலர்ஜி என்று ஆங்கிலத்தில் பளிச்சென்று இருந்தது. அதை அவர் மேசையில் வைத்தேன்.

"டீச்சருக்கு எறா ஆகாதுன்னு டீச்சருக்கே பிரிண்ட் பண்ணிக் குடுத்திருக்கு சார். சமைக்கிறவருக்கு மட்டும் சொல்லல."

அவர் பில்லைப் படித்தார். கடிதத்தை இழுத்து மேசை டிராயருக்குள் போட்டார். "ஓகே லா. சிஸ்டம் மிஸ்டேக்."

"நான் மூணு தடவ சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

அருகில் நின்ற சமையல்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது.

அன்று மதியம் சிஸ்டம் போட்ட கம்பெனிக்குப் போன் செய்தார்கள். தேநீர் ஆறுவதற்குள் சரியாகிவிட்டது. ஒரு மனுஷியின் தொண்டை அடைத்தது இந்தச் சின்ன வேலைக்காகவா?

ஒரு மாதம் கழித்து டீச்சர் வந்தார். "அடுப்படியில புதுசா வந்த பொண்ணு கவனிக்கலன்னு உங்க மானேஜர் சொன்னாரும்மா" என்றார். அப்படி யாரும் புதிதாக வரவில்லை. நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் கிளப் கமிட்டிக்குக் கடிதம் எழுதினார்.

அதன் பிறகு கதவிலிருந்த தாள் கிழிக்கப்பட்டது. காலைக் கூட்டத்தில் மானேஜர் ஒரு வருத்தக் குறிப்பை வாசித்தார். பணியாளர் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்தும் கவனிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது.

"அந்தப் பணியாளர் நான்தான்" என்று எழுந்து சொன்னேன்.

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமல் அடுத்த வரிக்குப் போனார். நான் உட்காரவில்லை. அவர் வாசித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.