கிரகணத்தில் வாய் துடைத்தவள்

பெருமாயியைக் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் மேடையேற்றியது அவள் புருஷன் திருமலைச்சாமிதான். எண்பதாம் வருஷம், பிப்ரவரி மாதம். அன்றைக்குப் பிற்பகல் சூரிய கிரகணம். மலைமேல் அப்சர்வேட்டரியில் சூரியனைப் படம் பிடிக்கிறவர்களைத் தவிர ஊரே கதவடைத்துக் கிடந்தது. ஏரிக்கரைக் குதிரைகளைக்கூடக் கொட்டகைக்குள் கட்டிவிட்டார்கள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் நாங்களும் ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருந்தோம், அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

திருமலைச்சாமி காய்கறி லாரி ஓட்டி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவர். கட்சியில் கிளைச் செயலாளர். கிரகணத்துக்குப் பயப்படுவது மூடத்தனம் என்று ஊருக்குக் காட்ட, பஸ் ஸ்டாண்டில் மேடை போட்டு எலுமிச்சம்பழச் சோறு சாப்பிடும் கூட்டத்தை அவர்தான் ஏற்பாடு செய்தார். ஆண்கள் சாப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள், கர்ப்பிணி ஒருத்தி வேண்டும் என்று கட்சியில் யாரோ சொன்னார்கள். பெருமாயிக்கு அப்போது ஏழாம் மாதம். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். அவர்களுக்கு அடுத்த வீடு. டூட்டி முடிந்து வரும் வழியில் பார்த்தேன். கட்சிக்காரப் பெண்கள் சிலருக்கு நடுவில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் திருமலைச்சாமி மைக்கில் முழங்கினார்: “பிறக்கப் போவது ஆண் குழந்தையென்றால் கதிரவன் என்று பெயர் சூட்டுவேன்! கிரகணம் அவனை என்ன செய்துவிடும், பார்ப்போம்!” கை தட்டினார்கள். பெருமாயி முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவள் அண்ணன் அழகுமலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்சி இரண்டாக உடைகிற வரைக்கும் அவரும் இதே கட்சிதான், இதே பேச்சுத்தான். ஒரு சந்திர கிரகணத்தன்று மாப்பிள்ளையும் மச்சானும் போட்டி போட்டு அவித்த முட்டை தின்றவர்கள். உடைந்த பிறகு ஆளுக்கொரு கொடி. மாப்பிள்ளை பொய் என்று சொல்வதெல்லாம் மச்சானுக்கு மெய்யாகிவிட்டது. கிரகணத்தைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் யோசித்ததே இல்லை என்பது என் எண்ணம்.

கிரகணத்துக்கு மறுநாள் சென்னையில் ஆட்சியைக் கலைத்தார்கள். அழகுமலையின் கட்சி ஆட்சி. டீக்கடையில் திருமலைச்சாமி துள்ளிக் குதித்தார். “மச்சான், வெளிய நின்ன எங்கள கிரகணம் ஒண்ணும் பண்ணல. உள்ள ஒளிஞ்ச ஒங்க ஆட்சியத்தான் முழுங்கிருச்சு!” பகுத்தறிவு பேசிய வாய், ஒரே நாளில் கிரகணத்துக்குச் சாட்சி சொன்னது. சிரிப்பில் அது யாருக்கும் உறைக்கவில்லை.

ஏப்ரலில் பிள்ளை பிறந்தது. ஆண்தான். மேல் உதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது.

தேர்தல் நேரம் வேறு. அழகுமலையின் ஆட்கள் தெருமுனைக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் ‘தாயும் பிள்ளையுமே சாட்சி’ என்று பேசினார்கள். எதிர்க்கட்சிதானே, பேசட்டும். மேடையில் இவளோடு சேர்ந்து சோறு தின்ற பெண்கள் ஒருத்தியாவது பிள்ளையை வந்து பார்த்தாளா? குழாயடியில் இவள் குடத்தை வைத்தால் மாசமான பெண்களை வீட்டுக்குள் போகச் சொன்னார்கள். கதிரவன் என்று யாரும் கூப்பிடவில்லை. தெருவில் அவன் பெயர் ‘கிரகணம்’. அவனால் முலை பற்றிக் குடிக்க முடியாது. இவள் பாலைப் பீய்ச்சி, பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அந்தக் கதவைத் தட்டுகிற ஆள் நான் ஒருத்திதான். எனக்கே சில நாள் அந்த வீட்டின் அமைதி தாங்காது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு மதுரையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தபோது பிள்ளையைக் காட்டினேன். “இது தச்சுச் சரி பண்ணிரலாம்மா. ஆறு மாசம் போகட்டும்” என்றார்.

பெருமாயி அதற்குச் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. “கெரகணத்துல நின்னதாலயாம்மா?” என்று கேட்டாள்.

“அப்ப உனக்கு எத்தனை மாசம்?”

“ஏழு.”

“வயித்துல உதடு கூடுறது மூணு மாசத்துக்குள்ளயே முடிஞ்சிரும். கூடலைன்னா அப்பவே கூடலை. ஏழாம் மாசம் நீ எங்க நின்னாலும் இதுக்குச் சம்பந்தம் கிடையாது.”

“அப்ப நான் மேடையில ஏறும்போதே இவன் இப்படித்தான் இருந்தானா?”

“ஆமா.”

அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். ஓவென்று அழுதாள்.

அந்த ஒரு வார்த்தையைத் தூக்கிக்கொண்டு அவள் ஊரெல்லாம் நடந்தாள். முதலில் அண்ணன் வீடு. அழகுமலை முழுவதையும் கேட்டுவிட்டு, “அந்த டாக்டரு ஓட்டு யாருக்காம் தாயி?” என்றார். பிறகு கட்சி ஆபீஸ். நானும் கூடப் போனேன். இதை மைக்கில் சொல்லுங்கள், உங்களுக்கும் நல்லதுதானே என்றேன். “எலெக்ஷன் நேரத்துல புள்ள பேச்ச நாமளே எடுக்கக் கூடாது நர்சம்மா. சனம் மறந்துக்கிட்டு இருக்கு” என்றார்கள்.

புருஷனிடம் கடைசியாகச் சொன்னாள். “சரி, நான் என்ன கெரகணம்னா சொன்னேன்?” என்றாராம். எழுந்து போனவர் வாசலில் நின்று திரும்பி, “இருந்தாலும் நீ அன்னைக்கு வாயத் தொடச்சிருக்க வேணாம்” என்றாராம்.

கிரகணத்தில் கர்ப்பிணி எந்த இடத்தைத் தொடுகிறாளோ, பிள்ளைக்கு அந்த இடத்தில் ஊனம் வரும் என்பார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன் அந்த முந்தானையை மட்டும் மறக்கவில்லை. இதை என்னிடம் சொன்னபோது பெருமாயி அழவில்லை. “ஊரு சொல்லட்டும்க்கா. மேடையில ஏத்துன ஆளுமா?” என்று மட்டும் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆளை அன்றைக்கே நாலு கேட்டிருப்பேன். அவள் விடவில்லை.

மதுரையில் உதட்டைத் தைத்தார்கள். கூட இருந்தது நான்தான். திருமலைச்சாமிக்கு லாரி லோடு இருந்தது. தழும்பு மட்டும் மிஞ்சியது. பெயர் போகவில்லை, பள்ளிக்கூடத்திலும் அவன் ‘கிரகணம்’தான். திருமலைச்சாமி முக்கால்வாசி நாள் ஒட்டன்சத்திரத்திலேயே தங்கினார். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்றே இருந்தார்கள். அப்படியும் எட்டு வருஷம் கழித்து ஒன்று தங்கியது. அந்த மார்ச் மாதம் சூரியன் உதிக்கும் நேரத்தில் கிரகணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தது.

முதல் நாளே திருமலைச்சாமி வீட்டு ஜன்னலுக்குச் சாக்குப் படுதா அடித்தார். விடியற்காலையில் வெள்ளைச் சட்டையும் கட்சிக் கரைத் துண்டுமாகப் புறப்பட்டார். பஸ் ஸ்டாண்டில் கிரகணத்தின்போது இட்லி சாப்பிடும் கூட்டம், தலைமை அவர்தான். “நான் வர்ற வரைக்கும் வெளிய தல காட்டாத. தண்ணி கூடக் குடிக்காத” என்று அவர் அடங்கிய குரலில் சொன்னது என் வீட்டுக்குக் கேட்டது. வெளியே கொண்டியைப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். “நர்சக்கா, இந்தக் கொண்டிய எடுத்து விடுங்க.”

எடுத்தேன். பெருமாயி கையில் தட்டு. நேற்றைய சோறு, மேலே அவரைக்காய்க் குழம்பு. பின்னாலேயே கதிரவன்.

“எதுக்குடி உனக்கு இந்த வேல? கொஞ்ச நேரந்தான, உள்ளயே இருந்துட்டுப் போயேன்” என்றேன். எல்லாம் தெரிந்த நர்ஸ்தான் நான். வயிற்றில் பிள்ளையோடு அவளைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது.

“உள்ள இருந்தா, அன்னைக்கு நான் வெளிய நின்னதாலதான் இவனுக்கு இப்படி ஆச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்லக்கா.”

முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தாள். கீழே சமவெளிக்கு மேல் சூரியன் ஓரம் கடிபட்டு எழுந்துகொண்டிருந்தது. அவள் கண்ணைத் தூக்கவில்லை, சோற்றைப் பிசைந்தாள். தெருவில் ஈ காக்கை இல்லை. கீழேயிருந்து ஒலிபெருக்கியில் திருமலைச்சாமியின் குரல் ஏறி வந்தது: “கிரகணம் என்பது வெறும் நிழல்! நிழலுக்கு அஞ்சலாமா தாய்மார்களே?”

“எனக்கும் தாம்மா” என்றான் கதிரவன். உருட்டி ஊட்டினாள். தட்டுக் காலியானதும் முந்தானையை எடுத்து, தழும்பின் மேல் அழுத்தி, அவன் உதட்டைத் துடைத்தாள். பிறகு அதே முந்தானையால் தன் வாயையும் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

கீழே பஸ் ஸ்டாண்டில் அவருக்குக் கை தட்டினார்கள்.