அக்கா ஓட்டிய நான்கு ஞாயிறுகள்

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், வீடு தேடி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எழுதும் பொறுப்பை என் மனைவி என்னிடமே விட்டுவிட்டார். "தெனம் டைரி எழுதுறவர் நீங்கதானே?" என்றார். உண்மைதான். பதினாறு வயதிலிருந்து ஒரு நாளும் விடாமல் எழுதி வருகிறேன். அக்காவின் வாழ்வில் பாதிக்கு மேல் அதில் இருக்கிறது. ஆயினும் அவருடைய கடைசி மாதங்களைப் பற்றியே இங்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்கா பிறந்தது மேற்குத் தாம்பரத்தில், மின்சார ரயில் போகும்போது ஜன்னல் அதிரும் ஒரு வாடகை வீட்டில். அப்பா காலமானபோது அவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. நான் எட்டாம் வகுப்பு. படிப்பு முடிந்த அடுத்த மாதமே சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் பைக் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். தரப் பரிசோதனைப் பிரிவு. முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்துக்கொண்டு, மேடுபள்ளத்தில் அமுங்கி எழுமே, அந்த ஃபோர்க் குழாய்களை விளக்கொளியில் சுழற்றிப் பார்ப்பார். கீறலோ வளைவோ இருந்தால் காரணம் எழுதிச் சிவப்புச் சீட்டு கட்டி ஒதுக்குவார். இருபத்தெட்டு ஆண்டுகள் இதே வேலை. என் படிப்பு, என் திருமணம், முடிச்சூர் வீடு எல்லாம் அந்தக் குழாய்களிலிருந்து வந்தவை. தமக்கென்று ஒரு சைக்கிள்கூட வாங்கிக்கொள்ளவில்லை. கம்பெனி பஸ்ஸில் போனார், கம்பெனி பஸ்ஸில் வந்தார்.

புற்றுநோய் இரண்டாம் முறை திரும்பி வந்தபோது விருப்ப ஓய்வு பெற்றார். அதே மாதம் எங்கள் மாடியில் குடியிருந்த இளைஞர் பெங்களூருக்கு மாறிப் போனார். போகும்போது ஒரு பிட் பைக்கை விட்டுச் சென்றார். மண் திடலில் ஓட்டுகிற, இடுப்பளவு உயரமே உள்ள சின்ன பைக் அது. சாலையில் ஓட்ட அனுமதி கிடையாது. இன்ஜின் இறுகிப்போயிருந்தது. ஃபோர்க் வளைந்து எண்ணெய் கசிந்தது. "காயலான் கடையில போட்டுடுங்க ஆன்ட்டி" என்று அவர் சொன்னதை அக்கா காதில் வாங்கவே இல்லை.

"இதுக்குப் புது இன்ஜின், நல்ல ஃபோர்க் போட்டு நான் ஓட்டப்போறேன்" என்றார்.

"நீயா? எதுக்குக்கா?"

"லட்சக்கணக்குல ஓகே போட்டிருக்கேன்டா. அது ஓடுறப்ப எப்படி இருக்கும்னு என் கைக்குத் தெரியவே தெரியாது."

மருத்துவமனை இல்லாத நாட்களில் வேலை நடந்தது. மெக்கானிக் ரஃபீக் பாய் வந்து உதவினார். புது இன்ஜின் பழையதைவிடப் பெரியது. சட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் அதன் சங்கிலிப் பல்சக்கரம் ஆறு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றது. "லைட்டா தள்ளிக்கீது, அவ்ளோதான். ஓடும்க்கா" என்றார் பாய். "ஓடும். எவ்ளோ நாளைக்கு ஓடும் பாய்?" என்று கேட்டு, அதை ஈடுகட்ட லேத்தில் வாஷர் கடைந்து வந்து செயின் நேராகும் வரை அக்கா விடவில்லை. எல்லா அளவுகளையும் அவர் சொல்ல, நான் டைரியில் குறித்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தது ஃபோர்க். பழையதை வைத்து ஓட்டவே கூடாது என்று பாய் சொல்லிவிட்டார். அமுங்கும் வேகத்தையும் எழும் வேகத்தையும் தனித்தனியாக மாற்றக்கூடிய கனமான ஒரு ஜோடியை அக்கா தேர்ந்தெடுத்தார். என் கைபேசியிலிருந்து, என் அலுவலக முகவரிக்கு ஆர்டர் செய்தோம்.

பார்சல் வந்த அன்று காலைதான் மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, நோய் எலும்புக்குப் போய்விட்டது, விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றிருந்தார். பார்சலைப் பிரிக்காமல் அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அக்கா தினமும் கேட்டார். "இன்னும் வரலக்கா" என்று தினமும் சொன்னேன். அவருக்கு நல்லது செய்வதாகவே நம்பினேன்.

பத்தொன்பதாம் நாள் அலுவலகத்துக்குப் போன் செய்து, செயின் அளவைக் கேட்டார். "டைரியில இருக்கு, பாத்துக்கோக்கா" என்றேன். போனை வைத்த பிறகுதான் அதில் வேறு என்ன எழுதியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது.

மாலை வீட்டுக்கு வந்தபோது டைரியை மடியில் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். வாய்விட்டுப் படித்தார்: "'ஃபோர்க் வந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. ஆபீஸ் அலமாரி, கீழ்த்தட்டு.' ஏன்டா, திருடிட்டு அட்ரஸ் எழுதிவைக்கிற திருடன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா!"

என் மனைவி சிரித்துவிட்டார். என்னால் முடியவில்லை. மருத்துவர் சொன்னதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும். என்கிட்டதான் முதல்ல சொன்னாரு" என்றார் அக்கா. டைரியை மூடி என்னிடம் நீட்டினார். பிறகு சொன்னார்: "வேணாம்னா, காரணத்தை எழுதிச் சீட்டு கட்டி என் முன்னாடி வச்சிருக்கணும். நான் பதில் சொல்லியிருப்பேன். ஒரு பீஸைக்கூட நான் சொல்லாம ஒளிச்சு வச்சதில்லடா."

மறுநாள் கொண்டுவந்து கொடுத்தேன். பாய் பைக்கில் பொருத்தினார். அப்போது அக்காவின் எடை நாற்பத்தொரு கிலோ. அவர் அமர்ந்தபோது ஃபோர்க் அமுங்கவே இல்லை. அதன் வேகத்தை மாற்றும் திருகாணியை ஒவ்வொரு கிளிக்காகத் தளர்த்தச் சொன்னார். ஒன்பதாவதில் பாய் பெருமூச்சு விட்டார். "இன்னாக்கா, இன்னும் ஒரு கிளிக்ல இன்னா ஆவப்போவுது?"

"அதைத்தான் பாக்கணும். திருப்புங்க பாய்."

வீட்டுக்குப் பின்னால், கல் நட்டு மண்சாலை மட்டும் போட்ட மனைப்பிரிவில், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிறு காலை ஓட்டினார். ஹெல்மெட், முழங்கால் காப்பு எல்லாம் போட்டுத்தான். முதல் கியர் மட்டும். ஒரு பக்கம் நான் ஓடினேன், மறுபக்கம் என் மனைவி. சாலை நடுவே இருந்த மேட்டில் ஏறி இறங்கி, திரும்பி வந்து நிறுத்தினார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"கைக்கு ஒண்ணுமே வரலடா. எல்லாத்தையும் அதுவே வாங்கிக்குது" என்றார். அந்த முகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

நான்கு ஞாயிறுகள் ஓட்டினார். ஒருமுறையும் விழவில்லை. ஐந்தாம் ஞாயிறு பைக்கின் மேல் காலைத் தூக்கிப்போட முடியவில்லை. "போதும், உள்ள வை" என்றார். அதன்பின் ஏழு வாரங்கள் படுக்கையில் இருந்து, வலியைப் பற்றி யாரிடமும் குறை சொல்லாமல், ஒரு விடியற்காலையில் அமைதியாக விடைபெற்றார்.

நான் பூட்டி வைத்திருந்த பத்தொன்பது நாட்களில் மூன்று ஞாயிறுகள் இருந்தன.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், முறைவைத்து வந்து அக்காவின் அருகில் அமர்ந்த தொழிற்சாலைத் தோழியருக்கும், ரஃபீக் பாய்க்கும், மனைப்பிரிவு உரிமையாளருக்கும், கடைசி வரை அக்காவைக் குளிப்பாட்டித் தலைவாரிவிட்ட என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாருடைய நன்மைக்காகவேனும் எதையாவது அவரிடம் சொல்லாமல் எடுத்து வைத்திருந்தால், இன்று வீடு திரும்பியதும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வரும் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.