சினையோடு வந்த மீன்

லண்டன் நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில், என் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று ஊராருக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்களுடைய ஆட்களில் பாதிப் பேர் பெட்ரோல் செட்டில் நின்றார்கள். மிச்சப் பேர் கணக்காளர், டொக்டர் என்று இருந்தார்கள். இவரோ ஆற்றில் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கேட்டால், "ஆத்துத் தண்ணி டிப்பார்ட்மென்ட்" என்று சொல்லி நழுவிவிடுவேன். கோயிலில் ஒரு மனுசி அப்படியும் விடாமல், "அப்ப உங்களுக்கு மீன் சும்மா வரும், என்ன?" என்று கேட்டாள். அவளோடு நான் கனநாள் கதைக்கவேயில்லை.

இவர் பார்த்துக்கொண்டிருந்தது சால்மன் மீனை. கடலில் வளர்ந்து, தான் பிறந்த ஆற்றைத் தேடி வந்து, கூழாங்கல்லுக்குள் முட்டையிடுகிற மீன். தேம்ஸ் ஊத்தையாகிப் போன காலத்தில் அது வராமலே நின்றுவிட்டது. தலைமுறை கடந்து, தண்ணீரைச் சுத்தமாக்கி, வேறு இடத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு, திரும்பி வருகிறதா என்று காத்திருந்தார்கள். வந்தாலும் வழியெல்லாம் அணை. மீனுக்கு அது மதில் மாதிரி. அதனால் லண்டனுக்கு மேற்கே தேம்ஸில் வந்து விழும் ஒரு சிற்றாற்றின் முதல் அணையில் மீன் ஏறுவதற்குப் படி கட்டினார்கள். படியின் உச்சியில் ஓர் இரும்புக் கூடு. அதற்குள் வந்து நிற்கும் மீனை இவர் தூக்கிப் பார்த்து, முதுகுச் செட்டையடியில் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை அடையாளத்துக்குக் குத்தி, அணைக்கு மேலே விட்டுவிடுவார்.

அதற்கும் மேலே இன்னோர் அணை இருந்தது. அதைத் தாண்டினால்தான் நல்ல கூழாங்கல் ஆறு. ஆனால் கீழ் அணையில் ஏறிய மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக் காட்டினால்தான் மேல் அணையிலும் படி கட்டுவோம் என்று கந்தோரில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். படி கட்டியதிலிருந்து வந்ததெல்லாம் ஆண் மீன்கள். சினையோடு ஒரு பெண் மீன் வந்து சேர வேண்டும். இவருக்கு நித்திரையிலும் அதே நினைப்புத்தான். "எனக்குப் பிள்ளை வரேல்லை எண்டு கூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டியள்" என்று நான் பகிடி பண்ணுவேன். சிரிப்பார்.

பிறகு ஓர் இலையுதிர் காலத்தில் இரண்டும் கைகூடின. பல வருடம் கோயில் கோயிலாகத் திரிந்த பிறகு எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். ஒருநாள் பின்னேரம் இவர் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து நின்றார்.

"இஞ்சரும், வந்திட்டாள்."

"ஆர் வந்தது?" என்று கேட்டேன். கொஞ்சம் காரமாகத்தான் கேட்டேன்.

"சினை மீன். ரெண்டு கையாலும் பிடிச்சுப் பாத்தனான். வயிறு மெத்தெண்டு இருந்தது. மேல விட்டிட்டன். ஒருக்கா வாலை அடிச்சிட்டுப் போட்டாள்."

அன்றைக்கு அந்த மனுசனின் முகத்தில் கண்ட சந்தோசத்தை, பிள்ளை பிறந்த அன்றைக்குத்தான் மறுபடி கண்டேன். பொறாமையில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

அப்போது என் அண்ணை எங்களோடு இருந்தார். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், அகதியாக வந்து ஸ்ட்ரெதமில் பெட்ரோல் செட்டில் ஷிப்ட் செய்துகொண்டிருந்தார். அகதி கேஸ் இழுபட்டுக்கொண்டே கிடந்தது. என்னைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்காத குறை. கோடை காலத்தில் இவர் எங்கள் இரண்டு பேரையும் அணைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படியையும் கூட்டையும் காட்டி, மீன் வருகிற வழியை விரிவாகச் சொன்னார். அண்ணை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். யாழ்ப்பாணத்து மனுசனைத் தண்ணீர்க் கரையில் நிறுத்தி, பெரிய மீன் இந்த வழியால் வரும் என்று சொன்னால் அவன் காதில் மிச்சம் என்ன விழும்? எங்களுக்கு அது அன்றைக்கு மூளையில் ஓடவில்லை.

சினை மீன் மேலே போய்ச் சில நாட்கள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. இவர் வேலைக்குப் போயிருந்தார். நான் மத்தியானம் படுத்து எழும்பி வர, அண்ணை குசினியில் நிற்கிறார். கழுவுகிற தொட்டியில், தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு, ஒரு மீன். வயிறு ஏற்கெனவே பிளந்திருந்தது.

"எங்கயண்ணை வாங்கினனீங்கள்?"

"வாங்கிறதோ? பிடிச்சனான். செட்டில வேலை செய்யிற வெள்ளைக்காரன்ர தூண்டிலை வாங்கிக்கொண்டு விடிய வெள்ளன ட்ரெயின் எடுத்தனான். மச்சான் காட்டின இடத்துக்குக் கொஞ்சம் அங்கால." அவருடைய குரல் சின்னப் பிள்ளையினதாகிவிட்டது. "சினை மீன், பிள்ளை. உனக்குத்தான். இந்த நேரத்தில சினை சாப்பிட்டால் பிள்ளைக்கு நல்ல பெலன்."

பிள்ளைத்தாய்ச்சிக்குச் சினை மீன் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வீடுகளில் எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அம்மா இல்லாத குறைக்கு அண்ணை அதைச் செய்திருந்தார். தொட்டி விளிம்பில் மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு கிடந்தது. இவர் குத்துகிற அதே துண்டு.

"இதென்னண்ணை?"

"ஆரோ ஒருத்தன்ர தூண்டில் சாமான், மீனில கொழுவிக் கிடந்தது. நீ போய் இரு. குமட்டப்போகுது. நான் சமைக்கிறன்."

ஆசையாய்க் கொண்டுவந்த மனுசனுக்கு அதை எப்படிச் சொல்ல? நான் கதிரையில் இருந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இவர் வந்தார். கதவடியிலேயே மீனைக் கண்டார். பிறகு அந்தத் துண்டைக் கண்டார். ஏசுவார், கத்துவார் என்று நான் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். இவர் கேட்டது ஒன்றுதான்.

"சினையெங்க?"

அண்ணை ஒரு பெரிய பீங்கானை எடுத்துப் பெருமையாக நீட்டினார். பட்டாணி அளவில், செம்மஞ்சள் நிறத்தில், அவ்வளவு முட்டை. உப்பும் மஞ்சளும் மிளகாய்த் தூளும் போட்டுப் பிரட்டியிருந்தது.

"எப்ப உப்புப் போட்டனீங்கள் மச்சான்?"

"இப்பதான். அரை மணித்தியாலம் இருக்கும். ஊறட்டும்."

தண்ணீரும் உப்பும் படாமல் இருந்திருந்தால், அந்த முட்டையைக் கொண்டுபோய், இவருடைய கந்தோர்த் தொட்டியில் நின்ற ஆண் மீனின் விந்தோடு சேர்த்துப் பார்த்திருக்கலாமாம். பொரித்தாலும் பொரித்திருக்கும். இதைப் பிறகுதான் எனக்குச் சொன்னார். அந்த நேரத்தில், "நல்ல மீன் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கை கழுவி, சாப்பிட இருந்தார். அண்ணை போட்ட துண்டைச் சாப்பிட்டார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. அண்ணை அதை வயிற்றுப் பிரட்டல் என்று நினைத்துத் தேசிக்காய் வெட்டித் தந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

மேலே அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"ஒஃபிஸில சொல்லப்போறியளோ?"

"சொன்னால் ஆர் பிடிச்சது எண்டு கேப்பினம். லைசன்ஸ் இல்லை, பிடிக்கிற காலமும் இல்லை. பொலிசுக்குப் போகும். கேஸ் கிடக்கிற மனுசன்."

நான் வாயைத் திறக்க முதலே முடிவெடுத்துவிட்டார். என் அண்ணை கொழும்பில் அடையாள அட்டை தொலைந்துவிட்டதென்று சொல்லப் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போனவர். முறைப்பாடு சொல்லப் போனவரை உள்ளே வைத்து, ஊர், உறவு, யார் யாரைத் தெரியும் என்று கேட்டு, வெளியே விடும்போது அவருக்கு ஒரு காது கேட்காது. இதைத் தெரிந்துகொண்டு எந்த மனுசன் வாயைத் திறப்பான்? எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் கட்டிலில் குந்தி இருந்த இவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அடுத்த வசந்தத்தில் ஆற்றில் குஞ்சு தேடினார்கள். எங்கேயிருந்து வரும்? சினை மீன் நல்லபடியாக மேலே போனது, குஞ்சு மட்டும் இல்லை, ஆகவே அந்த ஆற்றின் கல்லும் தண்ணீரும் சால்மனுக்குச் சரிவராது என்று முடிவு கட்டினார்கள். கூட்டத்தில் இவரும் இருந்தார். வீட்டுக்கு வந்து, கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அந்த ஆத்தில ஒரு பிழையும் இல்லையப்பா" என்று சொன்னார். பிறகு கூட்டைக் கழற்றினார்கள். இவரைத் தண்ணீர் சோதிக்கிற லாபுக்கு மாற்றினார்கள். தொண்ணூறுகள் பிறந்த கையோடு மேல் அணையை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். படி வைக்கவில்லை.

இவர் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். மீன் வாங்கப் போனாலும் நான்தான் போக வேண்டும். என் மனுசனுக்கு உற்சாகம் என்ற ஒன்று இருந்ததென்று மகளுக்குச் சொன்னால் நம்பமாட்டாள். எனக்கு அதுதான் மனவருத்தம்.

அண்ணைக்கு ஒருவழியாக விசா வந்தது. தோர்ண்டன் ஹீத்தில் கடையும் போட்டார். கடை திறந்த கிழமையே இவர் தன் பழைய மேலதிகாரியைப் பார்க்கப் போனார். பென்சன் எடுக்கவிருந்த வெள்ளைக்காரப் பெண். இனிப் பயமில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றுதான் போனார். திரும்பி வந்து குசினியில் நின்றார், கோட்டோடு.

"என்ன, ஏசினவவோ?"

"இல்லை. நல்லாத்தான் கதைச்சவ. அந்த மஞ்சள் துண்டை ஒரு என்வலப்பில போட்டு, மீன் செத்துப்போச்சு எண்டு எழுதியிருந்தால் போதுமாம். ஆர் எவர் எண்டு கேட்டிருக்க மாட்டினமாம். தூண்டில்காரர் எத்தினையோ பேர் பேரில்லாமல் அப்பிடி அனுப்பிறவையாம். இன்னும் ஒரு வருசம் பாத்திருப்பமே எண்டு சொன்னவ."

"கேக்கவே மாட்டினமோ?"

"மாட்டினமாம்."

இத்தனை வருடத்தில் ஒருநாளாவது இது எங்களுக்குத் தோன்றவில்லை. படித்த மனுசன், அந்தக் கந்தோருக்குள்ளேயே இருந்தவர், அவருக்கும் தோன்றவில்லை. அரசாங்கத்துக்கு ஒரு வசனம் சொன்னால் அந்த ஒரு வசனத்தோடு விட்டுவிடுவார்கள் என்று எங்களுக்கு யார் காட்டித் தந்தது?

தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இனி ஒண்டும் செய்யேலாதோ?" என்று கேட்டேன்.

"மேல் அணை நூறு வருசம் நிக்கிற மாதிரிக் கட்டியிருக்காம்" என்றார்.